இடது தோளுக்கு ஒரு ரைஃபிள்

இடதுகைக்காரர் ஒருவர் ரைஃபிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் போல்ட்டைப் பற்றி, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற, பக்கவாட்டில் பிடி வைத்த உருளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இடதுபக்க போல்ட் கிடைக்குமா, கிடைத்தாலும் நமக்கு வேண்டிய கேலிபரில் (தோட்டா அளவில்) வருமா, ஆர்டர் கொடுத்துவிட்டு எவ்வளவு காலம் காத்திருப்பது, பிற்பாடு விற்கப் போனால் யார் வாங்குவார்கள் என்று. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். நானும் இடதுகைக்காரன் என்பதால் இவை அத்தனையையும் கேட்டும் இருக்கிறேன், மற்றவர்களுக்குப் பதில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் போல்ட்டுக்கு மூன்றாவது இடம்தான். முதலில் கண், அடுத்தது ஸ்டாக், அதாவது தோளிலும் கன்னத்திலும் ஒட்டுகிற கட்டைப் பகுதி. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் போல்ட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது வழி செய்துகொள்ளலாம். இவை சரியில்லை என்றால் எவ்வளவு அருமையான இடதுகை போல்ட் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுதுவதும் பந்து எறிவதும் எந்தக் கையால் என்று பார்த்து, அதை வைத்தே ரைஃபிளை எந்தத் தோளில் வைப்பது என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். நம் இரண்டு கண்களில் ஒன்றுக்குத்தான் ஆதிக்கம் இருக்கும். இரண்டும் திறந்திருக்கும்போது குறிபார்க்கிற வேலைக்கு மூளை அந்தக் கண்ணைத்தான் நம்பும். மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். ஆனால் இடதுகண் ஆதிக்கம் உள்ளவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். ஆக, வலதுகையால் எழுதிக்கொண்டு இடதுகண்ணால் குறிபார்க்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது என்பது என் சந்தேகம். இடதுகைக்காரர் என்பதாலேயே இடதுகண் என்றும் ஆகிவிடாது.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களையும் கட்டைவிரல்களையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை ஒன்று வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்களையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பொருளைப் பாருங்கள், பார்வையை எடுக்காமல் கைகளை மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். கை எந்தக் கண்ணுக்கு வந்து சேர்கிறதோ அதுதான் உங்கள் கண். சந்தேகம் இருந்தால் கையை நீட்டிய நிலையிலேயே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள் அப்படியே நிற்கிறதோ அது. சிலருக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், களைப்பாக இருக்கும்போது மாறுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வேறுவேறு நாட்களில் செய்து பார்ப்பது நல்லது.

கையும் கண்ணும் ஒரே பக்கம் என்றால் பிரச்சினை இல்லை, இடது தோளில் வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம். எதிரெதிர்ப் பக்கம் என்றால்? புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது கண் இருக்கிற பக்கத்துக்குப் போங்கள் என்பதுதான். ரைஃபிள் சுடுவதில் டிரிகர் விரலுக்கு இருக்கிற வேலை கொஞ்சம். ஒரு விரலுக்கு அதைக் கற்றுக்கொடுக்க அதிக நாள் ஆகாது. கண்ணை மாற்று என்று மூளையிடம் சொல்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை. கையை மாற்றுவது முடியாத விஷயமா என்று கேட்பவர்களிடம் ஹங்கேரியின் காரோலி டக்காச்சைத்தான் சொல்ல வேண்டும். 1938-ல் ராணுவப் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலதுகை சிதைந்தது. இடதுகையால் சுடப் பழகிக்கொண்டு 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார், 1952 ஹெல்சின்கியில் மறுபடியும் வாங்கினார். பிஸ்டலில் கையை நீட்டிப் பிடிப்பதால் எந்தக் கண்ணுக்கு நேராக வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளில் கன்னம் ஸ்டாக்கில் ஒட்டியிருக்கிறது, அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஏற்கெனவே பல வருடம் ஒரு தோளில் சுட்டுப் பழகியவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்புப் பட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம், போட்டிகளில் அதற்கு அனுமதி உண்டு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்துச் சுடுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் குறைவு, ஏனென்றால் ஸ்கோப்புக்குள் பார்ப்பது எப்படியும் ஒரே கண்தான். இன்னொரு விசேஷம் பலருக்குத் தெரியாது: வலது தோளில் வைத்து இடதுகண்ணால் குறிபார்க்கிறவர்களும், இடது தோளில் வைத்து வலதுகண்ணால் பார்க்கிறவர்களும் ப்ரிஸம் அல்லது கண்ணாடி வைத்த சாதனத்தைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதியிலேயே இருக்கிறது, அதில் உருப்பெருக்கும் லென்ஸ் மட்டும் இருக்கக்கூடாது. தோளும் கண்ணும் ஒரே பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

எனக்கு ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் ஒருவர், "வலதுக்கு மாத்திக்கோ தம்பி, போகப்போகப் பழகிடும், எங்க போனாலும் துப்பாக்கி கிடைக்கும்" என்றார். இரண்டாவது காரணத்தை நான் இன்றும் மறுக்க மாட்டேன். இரவல் துப்பாக்கியில் சுட வேண்டியிருக்கும் கிளப்புகளில் இடதுகைக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் கண் என்ற ஒன்றை அவர் சோதித்துக்கூடப் பார்க்காமல் சொன்னார், அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, ஸ்டாக். ரைஃபிள் நம் உடம்பைத் தொடும் இடங்கள் தோள், கன்னம், டிரிகர் கை, தாங்கும் கை, அவ்வளவுதான். இவற்றில் கன்னமும் டிரிகர் கையும் பக்கம் பார்க்கிறவை. வலதுகைக்காரருக்காகச் செய்த ஸ்டாக்கில் கன்னம் வைக்கிற மேடு இடதுபக்கத்தில் இருக்கும், கைப்பிடியில் உள்ளங்கைக்குப் பொருந்தும் புடைப்பு வலதுபக்கத்தில் இருக்கும். அதை இடது தோளில் வைத்தால் மேடு வெளிப்பக்கம் சும்மா நிற்கும், கன்னம் ஒல்லியான பக்கத்தில் வழுக்கும், புடைப்பு விரல் நுனிகளை வெளியே தள்ளும். ஸ்டாக்கையே பக்கவாட்டில் லேசாக வளைத்துச் செய்திருந்தால் இன்னும் மோசம்; வலதுகைக்காரரின் கண்ணைக் குறிக்கு நேராகக் கொண்டுவர வைத்த அதே வளைவு நம் கண்ணைக் குறியிலிருந்து விலக்கும். கட்டைவிரல் நுழைக்கும் ஓட்டை வைத்த ஸ்டாக்குகளில் வலதுகைக்கென்று செதுக்கியவற்றை இடதுகைக்காரர் தொடவே வேண்டாம்.

'இரண்டு கைக்கும் பொருந்தும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் ஸ்டாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது மட்டும்தான். போல்ட், சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு), காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் தோட்டா உறை) வெளியேறும் வாய் எல்லாம் வலதுகைக்காரருக்கே இருக்கும். இரண்டு காலுக்கும் ஒரே அச்சில் செய்த செருப்பு மாதிரி, யாருக்கும் கடிக்காது, யாருக்கும் சரியாகவும் இருக்காது. இப்படிச் சொன்னாலும், பொருந்தாத வலதுகை ஸ்டாக்கை விட இது ஆயிரம் மடங்கு மேல். கன்னமேட்டை உயர்த்தி இறக்கவும் தோளில் படும் பின்தகட்டை நகர்த்தவும் வசதி இருந்தால் அந்தக் குறையில் பெரும்பகுதி போய்விடும்.

போட்டிக்கான ரைஃபிள்களில் இது நுட்பமான விஷயம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டின் அகலம் 0.5 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சின்ன இலக்கில் கைப்பிடி ஒரு பக்கம் அழுத்தினாலே அட்டையில் தெரியும். அதனால்தான் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷுட்ஸ் போன்ற நிறுவனங்கள் இடதுகைக் கைப்பிடியோடு தனி வடிவங்களைத் தயாரிக்கின்றன. உங்கள் கை அளவையும் கேட்டு வாங்குங்கள், சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும். பக்கம் சரியாக இருந்து அளவு தப்பினால் பாதி லாபம் போச்சு.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதற்குக் காசு செலவில்லை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் திருப்பி, கண்களை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். அப்புறம் கண்ணைத் திறங்கள். குறிபார்க்கும் சாதனத்துக்கு நேராக உங்கள் இடதுகண் இருக்கிறதா? கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ தேட வேண்டியிருந்தால் அந்த ஸ்டாக் உங்களுக்கானது இல்லை, அல்லது சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கழுத்து பொய் சொல்லாது.

இப்போது போல்ட். வலதுபக்க போல்ட் வைத்த ரைஃபிளை இடது தோளில் வைத்துச் சுடும்போது இரண்டு வழிகள். ஒன்று, டிரிகரில் இருக்கிற இடதுகையை எடுத்து ஸ்கோப்புக்கு மேலாக எட்டி போல்ட்டை இழுப்பது. நின்றுகொண்டு சுடும்போது வேறு வழியில்லை, இதுதான், ஒவ்வொரு முறையும் துப்பாக்கி சாய்ந்து, கன்னம் விலகி, நிலை கலைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதில் போல்ட்டைத் தூக்கும் கோணமும் ஒரு வித்தியாசத்தைத் தரும். மௌசர் 98 வழிவந்த இரண்டு லக் (பூட்டும் பல்) போல்ட்டுகளில் 90 டிகிரி தூக்க வேண்டும், டிக்கா டி3எக்ஸில் 70 டிகிரி, வெதர்பி மார்க் ஃபைவில் 54 டிகிரி. எட்டிப் பிடித்து இழுக்கிறவனுக்குத்தான் அந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

இரண்டாவது வழி, முன்பக்கத்தைத் தாங்குவதற்கு மணல்மூட்டையோ இருகால் தாங்கியோ இருந்தால் மட்டும் நடக்கிற வழி. இடதுகை கைப்பிடியை விடுவதே இல்லை, கன்னம் ஸ்டாக்கை விடுவதில்லை, சும்மா இருக்கிற வலதுகை போல்ட்டை இயக்கி அடுத்த தோட்டாவையும் போட்டுவிடும். மேசையில் வைத்துத் துல்லியத்துக்காகச் சுடுகிறவர்களில் வலதுகைக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே இடதுபக்க போல்ட் வாங்குவது இதே வசதிக்காகத்தான். அதாவது அவர்கள் தேடி வாங்குவது நமக்குச் சாதாரண ரைஃபிளிலேயே கிடைத்துவிடுகிறது! ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு கை போல்ட்டில், இன்னொரு கை கைப்பிடியில் என்று இருக்கும்போது டிரிகர் விரல் டிரிகரைச் சுற்றியிருக்கும் கார்டு வளையத்துக்கு வெளியே இருப்பது பழக்கமாக ஊறியிருக்க வேண்டும்.

ஆகவே மேசையிலோ தாங்கியிலோ வைத்து ஒற்றைத் தோட்டாவாகச் சுடப்போகிறவர், இடதுகை அல்லது நடுநிலை ஸ்டாக் கிடைத்தால், வலதுபக்க போல்ட்டோடு நிம்மதியாக வாங்கலாம். நின்றபடி, நகர்ந்தபடி, அவசரமாக இரண்டாவது தோட்டா தேவைப்படும்படி சுடுகிறவருக்கு இடதுபக்க போல்ட் வேண்டும், இதில் சமரசம் செய்யாதீர்கள். பயத்லானை எடுத்துக்கொள்ளுங்கள்: பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து 50 மீட்டரில் ஐந்து இலக்குகளை அடிக்க வேண்டும், படுத்து அடிக்கும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், நின்று அடிக்கும்போது 115. கையை மாற்றி எட்டிக்கொண்டிருக்க அங்கே யாருக்கு நேரம்?

இடதுபக்க போல்ட் இப்போதெல்லாம் அரிய பொருள் இல்லை. 1950களின் கடைசியில் வந்த சாவேஜ் 110-க்கு வெகு சீக்கிரமே இடதுகை வடிவமும் வந்துவிட்டது. ரெமிங்டன் 700, டிக்கா, ரூகர் அமெரிக்கன், புள்ளி இருபத்திரண்டு கேலிபரில் சீஇசட், சாவேஜ் மார்க் டூ என்று தேடிப் போனால் கிடைக்கிறது. கேலிபர் தேர்வுதான் சுருங்கும், வலதுகைக்காரருக்கு நீளமான பட்டியல் இருந்தால் நமக்கு அதில் பொதுவாக ஓடுகிற சிலது மட்டும். பிற்பாடு ஸ்டாக் மாற்ற நினைத்தால் போல்ட் வெட்டு இடதுபக்கம் இருக்கிற ஸ்டாக்காகத் தேட வேண்டும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டே வேண்டாம் என்றும் ஒரு பாதை இருக்கிறது, அது இடதுகைக்காரர்கள் நினைப்பதை விட இனிமையானது. லீவரை இழுத்துத் தோட்டா மாற்றும் லீவர் ஆக்‌ஷனில் லீவர் நடுவில் கீழே இருக்கிறது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். பழைய வின்செஸ்டர் 94 காலி கேஸை மேல்வழியாகத் தள்ளும், மார்லின் 336 வலதுபக்கமாகத் தள்ளும். கையால் இயக்குகிற வேகத்தில் இரண்டுமே தொந்தரவு தருவதில்லை. ஒற்றைத் தோட்டா ரூகர் நம்பர் ஒன்னில் குழலின் பின்வாயை அடைக்கும் ப்ளாக் கீழே இறங்குகிறது, சேஃப்டி கைப்பிடியின் மேல் நடுவில். நடுவில் உடைத்துத் திறக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கிகளும் குழலை மடித்து அழுத்தம் ஏற்றும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்களும் இயல்பிலேயே நமக்கு நட்பானவை, கன்னமேட்டை மட்டும் பார்த்து வாங்கினால் போதும். காற்று நிரப்பிச் சுடும் ஏர் ரைஃபிள்களில் பக்கவாட்டு லீவர் பெரும்பாலும் வலதில் இருக்கும், சில மாடல்களில் அதைப் பக்கம் மாற்றிப் பொருத்தலாம், கேட்டுப் பாருங்கள்.

தானியங்கி மறுநிரப்புத் துப்பாக்கிகள் பற்றி நீளமாக எழுதும் ஆசை எனக்கு இல்லை. இடது தோளில் வைத்தால் நம் முகம் காலி கேஸ் வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அடிப்படை. கேஸ் பொதுவாக முகத்துக்கு முன்னால் கடந்து போய்விடும், எப்போதாவது ஒன்று சூடாகச் சட்டைக் காலருக்குள் விழும், அன்றைக்கு ஒரு நாட்டியம் ஆடுவீர்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்16ஏ2-வில் கேஸ் வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன முட்டு வைத்ததற்குக் காரணமே இடதுகைக்காரர்கள்தான். தோட்டாப் பெட்டியும் இயக்கமும் டிரிகருக்குப் பின்னால் போகிற புல்பப் வகைகளில் கேஸ் வாய் நேராகக் கன்னத்தில் வருகிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்ஏ80-ஐ இடது தோளில் வைத்துச் சுடவே முடியாது, அங்கே இடதுகை வீரர்களும் வலது தோளுக்குத்தான் பழக வேண்டும். ஸ்டெயர் ஆக்கில் போல்ட்டை மாற்றி இடதுபக்கமாகத் தள்ள வைக்கலாம், எஃப்என் எஃப்2000 முன்பக்கமாகவும் பி90 கீழ்ப்பக்கமாகவும் கேஸைத் தள்ளும். வடிவமைப்பாளர் முதல் நாளே நினைத்திருந்தால் தீர்வு இருக்கிறது என்பதற்கு இவையே சாட்சி.

கேஸை விட எனக்குக் கவலை தருவது வாயு. கேஸின் அடி வெடித்தாலோ அதிலிருந்து தீ மூட்டும் ப்ரைமர் ஓட்டையானாலோ சூடான வாயு திறப்பு இருக்கிற பக்கமாக வெளியேறப் பார்க்கும், வலதுபக்கத் திறப்பு உள்ள துப்பாக்கியில் அது நம் முகத்துப் பக்கம். அபூர்வமாக நடப்பதுதான். ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வலதுகை ரைஃபிளை இடது தோளில் வைக்கவே வைக்காதீர்கள்.

சேஃப்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ரெமிங்டன் 700-இன் வலதுகை வடிவத்தில் அது போல்ட்டுக்குப் பின்னால் வலதுபக்கம், நம் கட்டைவிரல் குறுக்கே ஏறிப் போக வேண்டும். சாவேஜ் 110-இல் கைப்பிடிக்கு மேலே நடுவில். எம்1 கேரண்டில் டிரிகர் கார்டின் முன்பக்கம் நடுவில். குறுக்கே அழுத்தும் பித்தான் வகை சில துப்பாக்கிகளில் திருப்பிப் பொருத்தக்கூடியது, ஆனால் அதைத் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள். ஸ்கோப்பிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு: பேரலாக்ஸ் குமிழ் (இலக்கின் தூரத்துக்கேற்பச் சரிசெய்வது) பக்கவாட்டில் இருந்தால் அது வழக்கமாக இடதுபக்கம். வலதுகைக்காரர் கைப்பிடியை விடாமல் இடதுகையால் திருப்புவார், நாம் டிரிகர் கையை எடுக்க வேண்டும். அதற்காக முன்வளையத்தில் திருப்பும் ஸ்கோப்பைத் தேடிப் போகிற அளவுக்கு நான் பிடிவாதக்காரன் இல்லை.

போட்டிக்குச் சுடுகிறவர்கள் ரைஃபிளோடு கணக்கை முடித்துவிட வேண்டாம். தோள்பட்டை மெத்தை இடதுபக்கமும் ஸ்லிங் (துப்பாக்கியைத் தாங்கும் பட்டை) மாட்டும் கொக்கி வலது கையிலும் இருக்கிற இடதுகை ஜாக்கெட் தேவை, கையுறை வலதுகைக்கு, சுடும் கண்ணாடியில் லென்ஸ் இடதுகண்ணுக்கு. ஜாக்கெட் தைத்து வரத்தான் பெரும்பாலும் நாளாகும், ஆகவே ரைஃபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே அளவும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ரேஞ்சில் இடம். படுத்துச் சுடும்போது வலதுகைக்காரரின் கால்கள் இடதுபக்கம் சாய்ந்திருக்கும், நம்முடையவை வலதுபக்கம். நம் வலதுபக்கம் ஒரு வலதுகைக்காரர் படுத்திருந்தால் இரண்டு பேர் காலும் மோதிக்கொள்ளும். கேட்டால் கொடுப்பார்கள், வரிசையில் வலது ஓரத்துக் கடைசி இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நின்று சுடும் சுற்றில் அதே இடத்தில் பக்கத்து ஆளும் நீங்களும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்க வேண்டியிருக்கும், அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.